கொழுந்துக் கறை படிந்த விரலுக்கு எந்த ஒக்சிமீற்றர்?

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவி வாங்கிக் கொடுப்பதென்று நலன்புரிச் சங்கம் முடிவெடுத்திருக்கிறது. பணம், கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் எங்கள் பிள்ளைகள் சேர்த்து அனுப்பியது. பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பதால், எதை வாங்கலாம் என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நான்கு யோசனைகள் எழுந்தன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று வீதம் பத்து விரல் கருவிகள் வாங்கலாம் என்றார் தலைவர். வயரும் தனி உணரியும் கொண்ட நல்ல கைக்கருவி ஒன்று டிஸ்பென்சரியில் இருந்தால் போதும் என்றார் வைத்திய உதவியாளர் ஐயா. இரத்தத்தில் கலந்த காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவையும், ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினையும் சேர்த்தே அளக்கும் பல அலைநீளக் கருவி ஒன்றைப் பற்றி வாசித்ததாக ஒரு தம்பி சொன்னார். என்னிடம் படித்த இன்னொருவன் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, "டீச்சர், இதிலேயே எல்லாம் இருக்கிறதே" என்றான்.

பக்கத்துத் தோட்டங்களிலும் இதே கேள்வி எழுந்திருப்பதாக அறிகிறேன். அதனால் என் அறிக்கையை எல்லோரும் வாசிக்கும்படி விரித்து எழுதுகிறேன்.

இந்தப் பொறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. 2021 ஓகஸ்ட் மாதம், கொவிட் உச்சத்தில் இருந்தபோது, அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் விரலில் மாட்டிய சிறு கருவி இரத்தத்தில் ஒட்சிசன் 95 சதவீதம் என்று காட்டியது. 94க்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அம்மாவோ இரண்டு சொல் பேசுவதற்குள் மூச்சு வாங்கினார். நான் எண்ணைப் பார்த்தேன், அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்க்கவில்லை. இரவு, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்தால் வரும் அம்பியூலன்சில் ஏற்றிக்கொண்டுபோய் வைத்தியசாலையில் சேர்த்தோம். அங்கே விரலில் மாட்டிய கருவி 93 என்றது. அதே நேரத்தில் மணிக்கட்டு நாடியிலிருந்து எடுத்த இரத்தம் 87 என்றது. அம்மா பிழைத்துக்கொண்டார். ஒரே உடலில், ஒரே நேரத்தில் எடுத்த அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலிருந்த ஆறு புள்ளிகள்தான் என்னை இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தன.

கருவி எப்படி அளக்கிறது என்பதைச் சொல்லாமல் எதையும் ஒப்பிட முடியாது. விரல் கருவிக்குள் இரண்டு சிறு விளக்குகள் இருக்கின்றன. ஒன்று 660 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு. மற்றையது 940 நனோமீற்றர் அளவிலான, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளி. ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபின் சிவப்பைக் குறைவாக உறிஞ்சும், செங்கீழை அதிகமாக உறிஞ்சும். ஒட்சிசனை இறக்கிவிட்டது அதற்கு நேர்மாறு. மறுபக்கத்தில் வந்து சேரும் இரண்டு ஒளிகளையும் ஒப்பிட்டால் விடை கிடைக்க வேண்டும். ஆனால் விரலுக்குள், நாங்கள் அளக்க விரும்பும், இதயத்திலிருந்து ஒட்சிசனோடு வரும் நாடி இரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், நகம், எலும்பு, நாளங்களில் தேங்கிய இரத்தம் எல்லாமே ஒளியை விழுங்குகின்றன.

இந்த முடிச்சை 1972 இல் அவிழ்த்தவர் ஜப்பானின் நிஹொன் கோடென் நிறுவனத்தில் பணியாற்றிய தகுவோ அவோயாகி. இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை, ஒரு சாயத்தை உடலில் செலுத்திக் காதில் ஒளி பாய்ச்சி அளக்க அவர் முயன்றார். நாடித்துடிப்பினால் ஒளி ஏறி இறங்கியது அவருடைய அளவீட்டைக் குழப்பியது. அந்த ஏற்ற இறக்கத்தை ஒழிக்கப் போராடும்போதுதான், துடிப்பது நாடி இரத்தம் மட்டுமே என்பது அவருக்குப் பிடிபட்டது. துடிக்கும் பகுதியைத் துடிக்காத பகுதியால் வகுத்தால் தோலும் நகமும் எலும்பும் கணக்கிலிருந்து கழன்றுவிடும். இன்று உலகத்தில் உள்ள ஒவ்வொரு ஒக்சிமீற்றரும் அந்த ஒரு வகுத்தலின் மேல் நிற்கிறது. அவோயாகி 2020 ஏப்ரலில், அவருடைய கருவியை உலகமே தேடி அலைந்த மாதத்தில் காலமானார்.

வகுத்து வரும் விகிதத்தைச் சதவீதமாக மாற்றுவது ஒரு அட்டவணை. ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஒட்சிசனுள்ள காற்றைச் சுவாசிக்க வைத்து, அவர்களுடைய நாடி இரத்தத்தையும் அதே கணத்தில் சோதித்து, 70 சதவீதம் வரை இறக்கி அந்த அட்டவணையைத் தயாரிக்கிறார்கள். ஆகவே கருவிக்குள் இருப்பது யாரோ சிலருடைய உடல்களில் எடுத்த கணக்கு. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டி, பரிசோதனைக்குக் குறைந்தது 10 பேர் போதும் என்றது. அவர்களில் கறுத்த தோலுடையவர்கள் இரண்டு பேரோ 15 சதவீதமோ இருந்தால் சரி என்றும் சொன்னது.

இதன் விளைவு முன்பே தெரிந்திருந்தது. 1990 இல் ஜுப்ரான், டோபின் என்ற இரு மருத்துவர்கள், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்தார்கள். வெள்ளையருக்கு 92 என்ற எண் பாதுகாப்பைக் காட்டினால், கறுப்பினத்தவருக்கு அதே பாதுகாப்புக்கு 95 வேண்டும் என்று எழுதினார்கள். முப்பது ஆண்டுகள் அந்த எச்சரிக்கை அலமாரியில் கிடந்தது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். கருவி 92க்கும் 96க்கும் இடையில் காட்டிய நேரங்களில், உண்மையான அளவு 88க்குக் கீழே விழுந்திருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். எங்கள் நிறம் பலவிதம். மலையில் வெயில் பட்டு உழைப்பவர்களின் தோல் அந்த ஆய்வுகளின் கறுத்த பக்கத்துக்கே நெருங்கியது. அம்மாவின் விரலும் அப்படித்தான்.

அவோயாகியின் வகுத்தல் தோலைக் கழற்றிவிடும் என்றால், நிறம் எப்படி உள்ளே நுழைகிறது? முழுக் காரணமும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இரண்டை விளங்கிக்கொள்ளலாம். முதலாவது, கருவியின் விளக்கு ஒரே அலைநீளத்தில் ஒளிர்வதில்லை. 660ஐச் சுற்றி ஒரு சிறு பட்டையாக ஒளிர்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின், குறைந்த அலைநீளத்தை அதிகமாக விழுங்குவதால், பட்டையின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, விளக்கின் நிறமே சற்று நகர்ந்துவிடுகிறது. அட்டவணை அந்த நகர்ந்த நிறத்துக்குத் தயாரிக்கப்பட்டதல்ல. இரண்டாவது, மறுபக்கம் வந்து சேரும் ஒளி மங்கிவிடுகிறது. மங்கிய ஒளியில் துடிப்பைத் தேடுவது, கொட்டும் மழையில் தகரக் கூரையின் கீழே நின்று மெதுவாகப் பேசுபவரின் சொல்லைப் பிடிப்பது போன்றது. சத்தம் சொல்லாகக் கேட்கத் தொடங்கும்.

இந்த இரண்டாவது காரணம்தான் எங்கள் மலைக்கு மிக முக்கியமானது. ஏனென்றால் ஒளியை மங்கச் செய்யவும் துடிப்பை ஒடுக்கவும் எங்கள் விரல்களில் இன்னும் பல உண்டு. கொழுந்தின் சாறு காற்றுப் பட்டுக் கறுத்து, பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கறையாக ஏறி, வெடிப்புகளுக்குள் ஊறிக் கிடக்கிறது. வருடக்கணக்காகப் பறித்த விரலின் தோல் தடித்துக் காய்த்திருக்கிறது. திருவிழாக் காலத்தில் நகத்தில் மருதாணி வேறு. இவை எல்லாம் துடிக்காத பொருள்கள். மெலனினைப் போலவே, தனியாகப் பார்த்தால் கணக்கிலிருந்து கழன்றுவிட வேண்டியவை. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒளியைக் குடித்துவிடுகின்றன.

அதோடு குளிர். குளிரில் உடல் தன் சூட்டைக் காக்க விரல்களுக்குப் போகும் இரத்தத்தைச் சுருக்கிவிடுகிறது. விரல் இருக்கும், துடிப்பு இருக்காது. சென்ற ஜனவரியில் ஒரு காலை, பனி விலகாத நேரத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அருகே நின்ற அக்கா ஒருவரின் விரலில் என்னிடம் இருந்த மலிவான கருவியை மாட்டினேன். 86 என்றது. அவர் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்றவரோடு கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கிளாஸ் சுடுதேநீரைக் கையில் கொடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடிக்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் கறை குறைந்த மோதிர விரலில் மாட்டியபோது 97. நுரையீரல் அதேதான், இரத்தமும் அதேதான். மாறியது விரலின் சூடும் நான் தேர்ந்த விரலும்.

குளிர் எண்ணைப் பொய்யாகக் குறைக்கலாம், நிறம் அதைப் பொய்யாகக் கூட்டலாம். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்று யாரும் நினைக்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தினர், கறுத்த தோலும் பலவீனமான துடிப்பும் ஒரே விரலில் சேரும்போதுதான் கருவி உண்மையான ஒட்சிசன் குறைவை அதிகமாகத் தவறவிடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். மலையகத்துக் காலை நேரத்து விரலுக்கு இதைவிடப் பொருத்தமான விவரணை கிடையாது.

உயரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூட்டத்தில் ஒருவர், மலைக்கு ஏற்றபடி கருவியைத் திருத்த வேண்டாமா என்று கேட்டார். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. நல்ல ஆரோக்கியமான ஒருவருக்கும் கொழும்பில் இருப்பதைவிட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டலாம். அது கருவியின் பிழை இல்லை, இரத்தத்தில் உண்மையாகவே அவ்வளவுதான் இருக்கிறது. ஆகவே திருத்தக் கூடாது. ஆனால் இன்னொன்றை மறக்கவும் கூடாது. ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பிடித்திருக்கும் விதம் எங்கள் மலைப் பாதை மாதிரி: 97இலிருந்து 92 வரை சரிவு மெல்லியது, 90க்குக் கீழே செங்குத்து. மலையில் இருப்பவர் அந்தச் செங்குத்துக்கு ஓரடி அருகில் நின்றபடியே நோயில் விழுகிறார்.

இனி நான்கு யோசனைகளுக்கு வருகிறேன்.

கைக்கடிகாரத்தில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. விரல் கருவி ஒளியை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வாங்குகிறது. கடிகாரம் தோலில் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் நம்புகிறது. மணிக்கட்டின் மேற்பக்கத்தில் துடிப்பும் குறைவு. அதைவிட முக்கியமாக, உள்ளங்கையிலும் விரல் நுனியின் அடிப்பக்கத்திலும் மெலனின் குறைவு, கடிகாரம் கட்டும் இடத்திலோ வெயில் பட்டு அதிகம். கறுத்த தோல் உடையவருக்கு உடலின் மோசமான இடத்தில் அளக்கும் கருவி அது. நாடித்துடிப்பை எண்ணவும் நடந்த அடிகளை எண்ணவும் அது உதவும். நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புவதா என்ற முடிவை அதனிடம் ஒப்படைக்க முடியாது. ஊசி குத்தாமல் சீனி அளக்கும் கடிகாரம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை ஐயாமாருக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்றும் சிலர் கேட்டார்கள். வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே குருதிச் சீனியை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்காவின் அதே உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பல அலைநீளக் கருவி எனக்கு ஆசை காட்டியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு எங்கள் மண்ணிலேயே நியாயம் இருக்கிறது. லயத்துக் காம்பராவில், புகைபோக்கி இல்லாத அடுப்பில், ஈர விறகு எரித்துச் சமைக்கிறார்கள். விறகுப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஒட்சிசனுக்கு இடம் விடாது. சாதாரண இரு விளக்குக் கருவிக்கு அந்த ஈமோகுளோபினும் ஒட்சிசன் ஏறியது போலவே சிவப்பாகத் தெரியும். மூடிய காம்பராவில் கரி அடுப்பை வைத்துக் குளிர்காய்ந்து மயங்கியவரின் விரலில் அது 98 என்று காட்டக்கூடும். ஏழுக்கும் மேற்பட்ட அலைநீளங்களைப் பயன்படுத்தும் கருவி இரண்டையும் பிரித்தறிய முயல்கிறது. ஈமோகுளோபின் அளவையும் ஊசி இல்லாமலே சொல்கிறது. எங்கள் பெண்களிடையே குருதிச்சோகை எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பது குடும்பநல மாதுவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் தயாரிப்பாளர்களே தரும் துல்லியத்தைப் பாருங்கள். ஈமோகுளோபின் எண்ணில் டெசிலீற்றருக்கு 1 கிராம் கூடலாம், குறையலாம், அதுவும் மூன்றில் இரண்டு அளவீடுகளுக்குத்தான். கர்ப்பிணிக்குக் குருதிச்சோகையின் எல்லை பொதுவாக 11 கிராம். கருவி 11.5 என்றால் உண்மை 10.5 ஆகவும் இருக்கலாம், 12.5 ஆகவும் இருக்கலாம். கிளினிக்கில் விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. விலையோ பல மடங்கு, உணரி பழுதானால் மாற்றுவதற்கும் பெரிய செலவு. அலைநீளங்கள் கூடுவதால், குளிர்ந்த விரலில் துடிப்பில்லாத குறை தீர்ந்துவிடாது. வராத ஒளியை ஏழாகப் பிரித்து என்ன பயன்? காபனோரொட்சைட்டு சந்தேகம் வந்தால் எந்த எண்ணையும் பார்க்காமல் நோயாளியை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து வைத்தியசாலைக்கு அனுப்புவதே வழி. இந்த யோசனையை நான் மனமில்லாமல்தான் விடுகிறேன்.

மீதம் உள்ள இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான தேர்வு.

பத்து விரல் கருவிகள் என்ற தலைவரின் யோசனை இரக்கத்திலிருந்து வந்தது. தோட்டத்தின் தூரத்துப் பிரிவான டிவிசனிலிருந்து டிஸ்பென்சரிக்கு நடக்கவே முக்கால் மணி நேரம் ஆகும் லயங்கள் எங்களிடம் உண்டு. மழை இரவில் மூச்சுத் திணறும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கருவி இருப்பது பெரிய விஷயம். மலிவானது எல்லாம் மோசம் என்றும் சொல்ல முடியாது. 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆறு மலிவான கருவிகளைச் சோதித்தார்கள். நான்கு தரத்தில் தேறவில்லை, ஆனால் விலை உயர்ந்தவற்றுக்கு நிகராக நின்றவையும் அவற்றில் இருந்தன. சிக்கல் என்னவென்றால், எங்கள் கைக்கு வரும் பெட்டிக்குள் இருப்பது எந்த வகை என்று வெளியிலிருந்து தெரியாது. ஒரே தோற்றத்தில் பல பெயர்களில் விற்கிறார்கள். பெரியவர்களின் விரலுக்குச் செய்த கவ்வி குழந்தையின் விரலில் நிற்காது, நின்றாலும் ஒளி விரலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். காது மடலில் மாட்டிப் பார்க்கலாமே என்று சிலர் மாட்டுகிறார்கள். விரலுக்கு அளவுத்திருத்தம் செய்த கவ்வி காதில் காட்டும் எண் நம்பத் தகுந்ததல்ல. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது இன்னொன்று. பத்து வீடுகளில் பத்து எண்கள் இருக்கும், அந்த எண்களை வாசிக்கத் தெரிந்தவர் இருக்க மாட்டார். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

கைக்கருவியின் முதல் பலம், அது தன் பலவீனத்தை மறைக்காது. திரையில் எண்ணோடு நாடித்துடிப்பின் அலையும் ஓடுகிறது. துடிக்கும் ஒளி துடிக்காத ஒளியில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லும் குருதியோட்டச் சுட்டியும் தெரிகிறது. மேடும் பள்ளமும் ஒழுங்காக வந்தால் எண்ணுக்கு மதிப்பு உண்டு. அலை நடுங்கினால், சுட்டி மிகக் குறைந்தால், எண் என்னவாக இருந்தாலும் அதை எழுதக் கூடாது, விரலைச் சூடாக்க வேண்டும், வேறு விரல் பார்க்க வேண்டும். சில விரல் கருவிகளிலும் அலையும் சுட்டியும் வருவதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாங்குவோர் அதையாவது பார்த்து வாங்க வேண்டும். அலையே காட்டாமல் எண்ணை மட்டும் காட்டும் கருவி எங்கள் காலநிலைக்கு ஆகாது.

இரண்டாவது பலம், உணரியை மாற்றலாம். பெரியவருக்கு விரல் கவ்வி, கைக்குழந்தைக்குப் பாதத்தைச் சுற்றிக் கட்டும் மென்பட்டை, கைகள் பனியாய்க் குளிர்ந்தவருக்குக் காதுக்கென்றே செய்த உணரி. காது இதயத்துக்கு அருகில் இருப்பதால் மாற்றம் அங்கே விரைவில் தெரியும். மடலைச் சற்றுத் தேய்த்துச் சூடாக்கி மாட்டினால் துடிப்பும் நன்றாக எழும். இது புதிய தந்திரம் இல்லை. ஹியூலட் பக்கார்ட் நிறுவனம் 1970களில் விற்ற காது ஒக்சிமீற்றர், மடலை 41 பாகை செல்சியஸ் வரை தானே சூடாக்கிக்கொண்டுதான் அளந்தது. வளம் குறைந்த இடங்களின் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்காக 2011 இல் தொடங்கப்பட்ட லைஃப்பொக்ஸ் தொண்டு நிறுவனமும் வயருடன் கூடிய கைக்கருவி வகையையே தேர்ந்துகொண்டது. கவ்வி உடைந்தால் கவ்வியை மட்டும் மாற்றலாம் என்பது எங்கள் போன்ற இடங்களுக்கு மிகப் பெரிய வசதி.

குறை ஒன்றே ஒன்று: அது டிஸ்பென்சரியில் இருக்கும், நோயாளி லயத்தில் இருப்பார். இதற்கு நான் சொல்லும் பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

கருவியைத் தேர்ந்துவிட்டால் துல்லியம் வந்துவிடுமா? கூட்டத்துக்குப் பிறகு அந்தத் தம்பி நல்ல கேள்வி ஒன்று கேட்டார்: "கறுத்த தோலுக்கு இரண்டு மூன்று புள்ளி கூடக் காட்டுகிறது என்றால், எல்லோருக்கும் மூன்றைக் கழித்துவிடலாமே?" நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். படிக்கப் படிக்க அது ஆபத்தான சுருக்குவழி என்று தெரிந்தது. பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. 97இல் சிறிதாக இருக்கும், 85இல் பெரிதாகும். கருவிக்குக் கருவி மாறும். நல்ல துடிப்பில் ஒருவிதம், ஒடுங்கிய துடிப்பில் வேறுவிதம். சராசரி மூன்றாக இருந்தாலும் ஒருவருக்குப் பூச்சியம், இன்னொருவருக்கு ஆறு. எங்கள் அம்மாவுக்கு ஆறு. மூன்றைக் கழித்திருந்தால் 93ஐ 90 ஆக்கியிருப்போம், 87ஐத் தொட்டிருக்க மாட்டோம். நலமாக இருக்கும் ஒருவரை வீணாகப் பயமுறுத்தியும் இருப்போம்.

கழிப்பதற்குப் பதிலாக, விழித்துக்கொள்ளும் எல்லையை உயர்த்துவதையே நான் பரிந்துரைக்கிறேன். நிறம் எதுவானாலும் கருவிக்கென்று ஒரு தடுமாற்றம் உண்டு. திரையில் 90 என்று வந்தால் உண்மை 86க்கும் 94க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்று அமெரிக்க நிர்வாகமே 2021 இல் விளக்கியது. சிறுவர்களுக்கு 90க்குக் கீழே ஒட்சிசன் கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எல்லையை நாங்கள் மாற்ற வேண்டியதில்லை. அதற்கு மேலே, 90க்கும் 95க்கும் இடையில் வருபவரை நலம் என்று திருப்பி அனுப்பாமல், சூடாக்கி மறுபடி அளந்து, மூச்சை எண்ணி, ஒரு மணி நேரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். மூச்சை எண்ண எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு நிமிடமும் ஒரு கடிகாரமும் போதும். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை 50 தடவையோ அதற்கு மேலோ விட்டால், அது வேகமான மூச்சு. நிறம் அந்த எண்ணிக்கையைத் தொடாது. மூச்சு வேகமாக, எண் நன்றாக இருந்தால், நான் மூச்சையே நம்புவேன்.

நலமாக இருக்கும்போதே ஒவ்வொருவரின் எண்ணையும் எழுதி வைப்பதும் பெரிய துல்லியம்.  நேற்று 97 இருந்தவர் இன்று 93 என்றால், இரண்டும் சற்றுப் பிழையாக இருந்தாலும் அந்தச் சரிவைக் கவனிக்காமல் விடக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரின் நல்லநாள் எண்ணைக் கிளினிக் அட்டையில் குறித்துவிடலாம். நாடி இரத்தப் பரிசோதனைதான் உரைகல், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அது வைத்தியசாலையில் மட்டுமே நடக்கும். எங்கள் கருவியின் வேலை, யார் அந்த உரைகல்லுக்குப் போக வேண்டும் என்று காலத்தோடு சொல்வது.

இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்தால் நல்ல கருவி வராதா என்றும் ஒருவர் கேட்டார். வரும். அமெரிக்க நிர்வாகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு, பரிசோதனையில் பங்குபற்றுவோரை 150 பேர் அளவுக்கு உயர்த்தி, பத்து நிறங்கள் கொண்ட மொங்க் தோல் நிற அளவுகோலால் எல்லா நிறத்தவரையும் சேர்க்கச் சொல்கிறது. மேலே சொன்ன சான் பிரான்சிஸ்கோ ஆய்வுக்கூடமும் ஓப்பன் ஒக்சிமெட்ரி என்ற திட்டத்தின் கீழ், வெவ்வேறு கருவிகளைத் தானே சோதித்து முடிவுகளை எல்லோரும் பார்க்க வெளியிடுகிறது. விற்பனையாளரிடம் விலைப் பட்டியல் கேட்கும்போதே, அந்தக் கருவி கறுத்த தோலில் சோதிக்கப்பட்ட விவரத்தையும் எழுத்தில் கேட்க வேண்டும். ஆனால் மார்கழியும் தையும் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன, பிள்ளைகளின் நெஞ்சுச் சளியும் கூடவே வருகிறது. காத்திருக்க எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே சங்கத்துக்கு நான் கொடுத்திருக்கும் அறிக்கை இது. கைக்கருவி ஒன்று, பெரியவர் விரலுக்கும் காதுக்கும் குழந்தைப் பாதத்துக்கும் தனித்தனி உணரிகளுடன். அதோடு, பத்துக்குப் பதிலாக, அலையும் சுட்டியும் காட்டும் விரல் கருவிகள் மூன்று. அவை வீடுகளுக்கல்ல, தூரத்து மூன்று டிவிசன்களிலும், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவைக் கவனிக்கும் அம்மாமாரிடம் இருக்கும். வாங்கியவுடன் அந்த மூன்றையும் கைக்கருவியோடு ஒரே ஆளின் பக்கத்து விரல்களில், ஒரே நேரத்தில் மாட்டி ஒப்பிட வேண்டும். மூன்று புள்ளிக்கு மேல் விலகுவதைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கும் உடன்பாட்டோடுதான் வாங்க வேண்டும். இப்படிச் சோதிப்பது நலமானவரின் எண்ணில் மட்டுமே உதவும், குறைந்த எண்ணில் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை இது காட்டாது. அதனால் அந்த அம்மாமாருக்குச் சொல்லியிருப்பது ஒன்றுதான்: எண் குறைந்தால் 1990ஐ அழையுங்கள், எண் நன்றாக இருந்து பிள்ளை மூச்சு வாங்கினாலும் 1990ஐ அழையுங்கள்.

டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டுவதற்கு வைத்திய உதவியாளர் ஐயாவும் நானும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறோம். உட்கார வை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடை. சூடாக்கு. பெருவிரலையும் சுட்டுவிரலையும் விட்டு மோதிர விரலைப் பிடி. நகத்தில் சாயமோ மருதாணியோ இருந்தால் கவ்வியைப் பக்கவாட்டில் திருப்பு, அல்லது காதைப் பார். கையை நெஞ்சு மட்டத்தில் அசையாமல் வை. யன்னல் வெயில் கவ்வியில் விழாமல் துணியால் மூடு. அலை ஒழுங்காகும்வரை, குறைந்தது ஒரு நிமிடம், எண்ணை எழுதாதே. பதிவுப் புத்தகத்தில் எண்ணோடு சுட்டியையும், எந்த விரல் என்பதையும், மூச்சின் எண்ணிக்கையையும் எழுது.

பல அலைநீளக் கருவிக்கென்று ஒதுக்கப் பார்த்த பணத்தில் ஒரு பகுதி மிஞ்சுகிறது. அதில் டிஸ்பென்சரிக்கு ஒரு மின்கேத்தலும், நோயாளிகள் காத்திருக்கும் வாங்குக்கு இரண்டு கம்பளியும், ஆறு தேநீர்க் கிளாசும் வாங்கலாம் என்று அறிக்கையின் கடைசி வரியில் கேட்டிருக்கிறேன். ஒக்சிமீற்றருக்கும் கேத்தலுக்கும் என்ன தொடர்பு என்று பொருளாளர் கேட்டபோது, மடுவத்தருகே நின்ற அந்த அக்காவே எழுந்து பதில் சொன்னார்.